மூன்று கிறிஸ்துமஸுக்கும் ஒரே கவுன்

ஆம்பூர்,
1931 ஜூன் 4

இன்பம் அக்காவுக்கு,

தம்பி ஞானமுத்து எழுதுவது. கர்த்தர் உன்னை நல்லபடியாகத்தான் வைத்திருப்பார், நர்ஸ் வேலைக்கு என்ன குறை. என் மனைவி ரூத்தை அடக்கம் செய்த அன்று தலையைக் காட்டிவிட்டு அடுத்த ரயிலுக்கே ஓடிப்போனவள் நீ. மூன்று வருஷமாகிறது. அதற்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போதும் எனக்காக எழுதவில்லை, என் மகள் சலோமிக்காக எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும், ஊர் ஊராக வேதம் சொல்லப் போகும் பைபிள் ஸ்திரீ அம்மாளோடு பிள்ளையையும் அனுப்பியிருக்கிறேன். ஆவணியில் எட்டு வயது முடிகிறது. பார்த்தால் நாலு வயது என்பாய். வளரவே இல்லை. வாயும் திறப்பதில்லை, கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். பட்டப்பகலிலேயே பாவாடையை நனைத்துக்கொள்கிறாள். சோறு கம்மி செய்ததில்லை அக்கா. என் தட்டில் இருப்பதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பார்க்காத வைத்தியம் இல்லை. பயந்த கோளாறு என்று எல்லாரும் சொன்னதால் தர்காவில் தாயத்துக் கட்டினேன் (சபை ஐயருக்குத் தெரியாது, சொல்லிவைக்காதே). வேப்பிலை அடித்தார்கள். பேரணாம்பட்டு வைத்தியர் ஒருவர் மஞ்சளைச் சுட்டு நெற்றியில் சூடு வைத்தார். அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு என்மேல் பாயாதே. சூடு வைத்தபோது அவள் கத்தவே இல்லை. வைத்தியரே மிரண்டுபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் அப்பனைப் போல நான் இல்லை. பிள்ளைமேல் என் கை ஒரு தடவைகூடப் பட்டதில்லை. ரூத் சாகும்போது சத்தியம் செய்து கொடுத்தேன், காப்பாற்றியிருக்கிறேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று வேலைக்குப் போகும்போது தோல் பதனிடும் ஷாப்புக்கே கூட்டிப்போகிறேன். முதலில் அழுவாள். இப்போது பழகிவிட்டாள். தொந்தரவே இல்லாத பிள்ளை.

மூட்டையில் சிவப்புப் பூப்போட்ட கவுன் இருக்கிறது. ரூத் செத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஜஹீதா அம்மா தைத்துக் கொடுத்தது. மூன்று கிறிஸ்துமஸுக்கும் அதே கவுன்தான், இன்னும் அப்படியே பத்துகிறது. "இன்னா மேஸ்திரி, உன் பொண்ணு கவுனுக்குச் சாவே இல்லியா?" என்று ஜஹீதா அம்மா கேலி செய்தார். நானும் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, அந்தக் கவுனை விரித்துப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் அனுப்புகிறேன்.

டானிக் ஏதாவது கொடுத்து ஒரு மாதத்தில் அனுப்பிவிடு. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஞானமுத்து

---

வேலூர்,
1931 ஜூன் 17

டேய் தம்பி,

பிள்ளை வந்து சேர்ந்தாள். உன் திட்டும் வந்து சேர்ந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

வந்த அன்றே சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டேன். மூன்று அடி இரண்டு அங்குலம். எட்டு வயதுப் பிள்ளை! எங்கள் டாக்டரம்மா இரண்டு தடவை வயதைக் கேட்டார். எனக்கே தப்பாகச் சொல்கிறேனோ என்று ஆகிவிட்டது. நெஞ்சு நன்றாயிருக்கிறது. ரத்தம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. வயிற்றில் பூச்சி இருந்தது, மருந்து கொடுத்து எடுத்தாயிற்று. ஆனால் இது பூச்சி செய்கிற வேலை இல்லை என்கிறார் டாக்டரம்மா.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். சோற்றைப் பாதி தின்றுவிட்டு மீதியைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். ஊசி போட்டால் அழுவதில்லை. பதினெட்டு வருஷ வேலையில் ஊசிக்கு அழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. யாராவது தாழ்ப்பாளை இழுத்தால் போதும், நின்ற இடத்திலேயே குந்தி, முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொள்கிறாள். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், எண்ண முடியாத வேகத்தில் ஓடுகிறது. முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, கல் மாதிரி இருக்கிறது.

கவுனுக்குச் சாவில்லை என்று சிரித்தாயாமே. நாள் முழுக்கத் தோலை விரித்துப்போட்டு ஜாண் அளந்து தரம் பிரிக்கிறவன், பெற்ற மகளை ஒரு நாள் நிறுத்தி அளந்து பார்க்கக் கூடாதா? நான் கத்துகிறேன் என்று எனக்கே தெரிகிறது. கத்தாமல் எழுத வரவில்லை.

ஒளிக்காமல் சொல். இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? யார் என்ன செய்தார்கள்?

அக்கா

---

ஆம்பூர்,
1931 ஜூன் 22

அக்கா,

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் ஒன்றும் செய்யவில்லை. தாய் செத்தாள், அது நடந்தது. தாயில்லாத பிள்ளை ஊருக்குப் பத்து இருக்கிறது, எல்லாம் வளரத்தான் செய்கிறது.

தாழ்ப்பாள் சத்தம் எனக்கும்தான் ஆகாது. என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை, கயிறு போட்டுக் கட்டுகிறேன். வயிற்றுக் கோளாறு எனக்கும் உண்டு, தினமும் மோர் குடித்துத்தான் வேலைக்கே போகிறேன். உயரம் என்று பார்த்தால் நானே குட்டைதான். ஷாப்பில் என்னைக் 'குள்ள மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பன் எவ்வழியோ மகள் அவ்வழி, ரத்தத்தில் வருகிறது, அதை நீயும் டாக்டரம்மாவும் பெரிய கேஸ் ஆக்குகிறீர்கள்.

டானிக் கொடுத்தாயா, இல்லையா? அதை எழுது.

சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு தட்டை எடுத்து வைத்துவிடுகிறேன், அப்புறம்தான் அவள் இல்லை என்று ஞாபகம் வருகிறது.

ஞானமுத்து

---

வேலூர்,
1931 ஜூலை 30

ஞானம்,

ஒரு மாதம் ஏன் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுதும்படி நல்ல செய்தி இருந்தது, சேர்த்து வைத்து எழுதலாம் என்றிருந்தேன். கோடு நகர்ந்திருக்கிறது. பழைய கோட்டுக்கு மேல் முக்கால் அங்குலம்! டானிக் ஒன்றும் கொடுக்கவில்லை. உன் வீட்டில் தின்ற அதே கேழ்வரகுக் களியைத்தான் இங்கேயும் தின்கிறாள். என் குவார்ட்டர்ஸில் என்னோடு இருக்கிறாள். நான் எங்கே போனாலும் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அவ்வளவுதான் வைத்தியம்.

இதை எழுத நினைத்திருந்தபோது, போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. பிள்ளைக்கு வாயில் புண். வார்டு கூட்டிப் பெருக்கும் எல்லம்மா, பாவம், ஆசையாக ஆவாரம் பட்டையைக் கொதிக்கவைத்து, "கண்ணு, வாய் கொப்பளிச்சிக்கோ, புண்ணு ஆறிப்பூடும்" என்று கிண்ணத்தில் கொண்டுவந்தாள். வாசலில் வரும்போதே சலோமிக்கு மூச்சு நின்றுவிட்டது. நின்றபடியே ஒன்றுக்குப் போனாள். உதடு நீலமாகிவிட்டது. நான் தூக்கப் போனபோது என் கையைக் கடித்தாள், கடித்தது அவளுக்கே தெரியவில்லை.

கேள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கையிலிருந்த தட்டும் தரையில் விழுந்தது. முப்பத்தெட்டு வயது எனக்கு. ஆவாரம் பட்டை வாசனை எனக்கு ஏன் ஆகாது என்று உனக்குத் தெரியும். உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் ஒரே கேள்வி கேட்கிறேன், ஒரே வார்த்தையில் பதில் எழுது. தோல் ஷாப்புக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையை எங்கே விடுகிறாய்? தோலுக்குப் போடும் அந்த ஆவாரம் பட்டைக் கிடங்கிலா?

அக்கா

---

ஆம்பூர்,
1931 ஆகஸ்ட் 5

நர்ஸ் அம்மாளின் சமூகத்துக்கு,

ஆமாம். பட்டைக் கிடங்கில்தான். தாழ்ப்பாள் போட்டுத்தான். போதுமா?

போலீஸுக்குச் சொல்லுங்கள். சபைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இதையும் கேளுங்கள். ரூத் போன மறுமாதம், என்னோடு வேலை செய்யும் சாமுவேலின் மகள் விளையாடிக்கொண்டே தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் விழுந்தாள். குழியில் இறங்கித் தூக்கியவன் நான். இடுப்புக்குக் கீழே தோல் என் கையோடு வந்தது. இரண்டு நாள் கழித்துச் செத்தாள், ஐந்து வயது. சலோமிக்கும் அப்போது ஐந்து வயது. அன்றைக்கு என் கண்ணில் பட்டதெல்லாம் குழியாகத்தான் இருந்தது. முப்பது குழி, ஒன்றுக்கும் மூடி இல்லை. நான் தோலைப் பார்ப்பேனா, பிள்ளையைப் பார்ப்பேனா? கிடங்கு ஒன்றுக்குத்தான் கதவு இருக்கிறது.

கட்டிப்போட்டேனா? பட்டினி போட்டேனா? மத்தியானம் மணி அடித்ததும் முதல் ஆளாய் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஊட்டிவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். முதல் இரண்டு மாதம் கத்தினாள். அப்புறம் பழகிவிட்டாள். நம் அப்பன் நம்மை இதே கிடங்கில் தண்டனைக்காகப் போட்டான். நான் பிள்ளை பிழைத்துக்கிடக்க வேண்டும் என்று போட்டேன். இரண்டும் ஒன்றா?

கிடங்கைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை? வெள்ளைக்கார அம்மாள் வந்து கூப்பிட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு ஆறு வயது. அதுவரைக்கும் கிடங்கில் இரண்டு பேராக இருந்தோம். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது. அப்புறம் ஐந்து வருஷம் நான் ஒண்டியாக இருந்தேன். அதை ஒரு நாளாவது கேட்டீர்களா, தாங்கள்?

மு. ஞானமுத்து, மேஸ்திரி

---

வேலூர்,
1931 ஆகஸ்ட் 12

என் ஞானத்துக்கு,

திட்டு. இன்னும் திட்டு. நீ சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. சந்தோஷமாகப் போனேன். அதுதான் உண்மை, இருபத்தாறு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. முதல் லீவுக்கு வந்தபோது நீ என்னைப் பார்த்து ஓடிவருவாய் என்று மிட்டாய் வாங்கி வந்தேன். நீ சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். கொடுத்ததை வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாய். "இன்னாப்பா, தம்பி பேசவே மாட்டேங்குது?" என்று கேட்டேன். அப்பா பல் குத்திக்கொண்டே சொன்னார்: "அழுதுக்கினு இருந்தான். இப்ப பழகிட்டான்."

அந்த வார்த்தையை நீ இரண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறாய். நீ எழுதும்போது அது யாருடைய வார்த்தை என்று தோன்றவே இல்லையா? நான் அன்றைக்குப் போர்டிங் அம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். ரூத்தின் அடக்கத்துக்கு வந்துவிட்டு ஏன் ஓடினேன் தெரியுமா? உன் வீடு ஷாப்புக்குப் பின்னால் இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. இன்னும் பத்து நிமிஷம் நின்றிருந்தால் எல்லார் முன்னாலும் விழுந்திருப்பேன்.

இன்னொன்று கேள். ரத்தத்தில் குட்டை என்றாய். அப்பா எவ்வளவு உயரம், ஞானம்? வாசலில் குனிந்துதானே வருவார். அம்மா அவர் தோளுக்கு வருவாள். நானே ஐந்தரை அடி. நம் வீட்டில் குட்டை நீ ஒருவன்தான். அப்பா செத்தபோது உனக்குப் பதினொன்று. அந்த வருஷம்தான் நீ திடீரென்று வளர்ந்து, போட்ட நிக்கரெல்லாம் பத்தாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நாம் எல்லாரும் சிரித்தோம்.

டாக்டரம்மாவிடம் முழுவதும் சொன்னேன். "ஓயாமல் பயந்துகொண்டிருக்கிற உடம்பு பயப்படுவதற்கே எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறது போல, இன்பம். வளர்வதற்கு மிச்சம் இருப்பதில்லை. இதற்கு ஒரு பெயர் என்னிடம் இல்லை" என்றார். நீ கெட்ட அப்பன் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கோடு ஒரு அங்குலம் ஏறிவிட்டது. நேற்று சலோமி வாயைத் திறந்து "தண்ணி" என்றாள். நான் தண்ணீர் எடுக்கப் போகாமல் அங்கேயே நின்று அழுதேன். அவளை என்னிடமே விட்டுவிடு தம்பி. இன்னும் ஐந்து வருஷம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

---

ஆம்பூர்,
1931 ஆகஸ்ட் 20

அக்கா,

சனிக்கிழமை வருகிறேன். பிள்ளையைத் தயாராக வை.

கிடங்கில் இனி விடமாட்டேன். ரூத்மேல் சத்தியம். பக்கத்து வீட்டு அன்வரி பேகம் அம்மா பகலில் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவர் வீட்டில் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், விளையாடட்டும். நீ எழுதியதையெல்லாம் படித்தேன். படித்துவிட்டுக் கிழித்தேன். கிழித்துவிட்டு ஒட்ட வைத்தேன். எல்லாம் சரி, ஆனால் என் பிள்ளை இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஞானமுத்து

---

வேலூர்,
1931 ஆகஸ்ட் 31

ஞானம்,

நீ கூட்டிக்கொண்டு போன பிறகு சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடு என்றேன். மூன்று அடி மூன்றேகால் அங்குலம். கோடு அங்கேயே இருக்கிறது.

உன்னோடு மல்லுக்கு நிற்கத்தான் நினைத்திருந்தேன். நீ வராந்தாவில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வார்டுக் கதவு திறந்தே இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு நீ ஆறு வயதுப் பிள்ளையாகத்தான் தெரிந்தாய். சண்டை போட வாய் வரவில்லை. அது தப்பு. போட்டிருக்க வேண்டும்.

சலோமி அழாமல் உன் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "பாத்தியாக்கா, எங்கிட்ட எவ்ளோ ஒட்டுதலா இருக்குது" என்றாய். நீ அவள் முகத்தைப் பார்த்தாய். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி எண்ண முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இத்துடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். ஒரு முடிச்சு பாதத்துக்கு, ஒரு முடிச்சு உச்சந்தலைக்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலுக்குப் போகும் முன் அவளைச் சுவரில் நிறுத்தி அளந்து பார். நான் கேட்பது இது ஒன்றுதான். என்னை நம்பாதே, டாக்டரம்மாவையும் நம்பாதே. நூலை நம்பு.

அக்கா

---

ஆம்பூர்,
1931 டிசம்பர் 2

அக்கா,

சலோமியை இதே பைபிள் ஸ்திரீ அம்மாளோடு அனுப்புகிறேன். இந்தத் தடவை ஒரு மாதத்துக்கு இல்லை.

பதிமூன்று ஞாயிறு அளந்தேன். உன் ஊரில் நகர்ந்த முடிச்சு இங்கே ஒரு நூல்கூட நகரவில்லை. நான் இழுத்துப் பிடிப்பது சரியில்லையோ என்று ஜஹீதா அம்மாவைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். அவர் தையல்காரர், அவருக்குத் தப்பு வராது. "அதே அளவுதான் மேஸ்திரி" என்றார்.

அன்வரி பேகம் அம்மா மகள் பிரசவத்துக்கென்று போன வாரம் வாணியம்பாடி போய்விட்டார். சத்தியத்தை மீறவில்லை அக்கா. ஷாப்புக்குக் கூட்டிப்போனேன், நான் தோல் பிரிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் வெயிலில் ஒரு சாக்கை விரித்து, "இங்கயே குந்திக்கோ, அப்பா பாத்துக்கினே இருப்பேன்" என்று உட்காரவைத்தேன். இரண்டு கட்டுத் தோல்தான் பிரித்திருப்பேன். திரும்பினால் சாக்கு மட்டும் கிடக்கிறது.

என் உயிர் என்னிடம் இல்லை. முப்பது குழியிலும் கழி விட்டுத் துழாவினேன். சாமுவேலும் துழாவினான், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில்தான் கிடங்குக் கதவு சாத்தியிருப்பது தெரிந்தது. வெளியே தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே இருந்து இழுத்துச் சாத்தியிருந்தது. திறந்தேன். பட்டைக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் எனக்குத் தெரியும்.

"இன்னாத்துக்கும்மா இங்க வந்தே? அப்பாதான் வேணான்னு சொன்னேன்ல?"

இங்கே வந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை. என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"பழகிடுச்சிப்பா."

அவளைச் சாமுவேலின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, காவல்கார அப்துல் ஹமீதைக் கூப்பிட்டேன். "சாச்சா, என்னை உள்ள விட்டுத் தாழ்ப்பாள் போடு. மணி அடிக்கற வரைக்கும் தொறக்காதே" என்றேன். "இன்னாடா பேஜாரு புடிச்சவனே" என்றார். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். போட்டார்.

ஒரு மணி நேரம்தான். மூன்று வருஷம் பிள்ளை இருந்த இடத்தில் ஒரு மணி நேரம் ஆம்பிளை நான் இருக்க முடியாதா என்றுதான் போனேன். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. மிச்சத்தை ஹமீத் சாச்சாதான் சொன்னார். அவர் திறந்தபோது என் வேட்டி நனைந்திருந்தது. நகம் இரண்டு பெயர்ந்திருந்தது. "அக்கா, அக்கா"ன்னு கத்தினேனாம். "யாருடா உங்கக்கா, எங்க கீறா?" என்று கேட்டாராம். வேலூரில் இருக்கிறாள் என்று சொல்லத் தெரியவில்லையாம் எனக்கு. "பெட்டிய எடுத்துக்கினு பூட்டா" என்று மட்டும் சொன்னேனாம்.

முப்பத்திரண்டு வயது எனக்கு. நான் பழகவே இல்லை அக்கா. ஒரு நாள்கூடப் பழகவில்லை. அவளும் பழகியிருக்க மாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்து பார்க்கட்டுமா?

ஞானம்

---

வேலூர்,
1931 டிசம்பர் 14

என் தம்பிக்கு,

நீ கத்தினது இருபத்தாறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. இப்போதுதான் கேட்டேன். மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன், அந்த வார்த்தை இதற்குப் போதாது.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. நேற்று அவளிடம், "அப்பா வரட்டுமா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு உன்மேல் கோபமில்லை ஞானம். நீதான் கதவைத் திறந்தவன், நீதான் ஊட்டியவன், நீதான் சாத்தியவனும். எந்த நீ வருகிறாய் என்று அவள் உடம்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது.

கடிதம் போடு. நிறையப் போடு.

அக்கா

---

வேலூர்,
1932 நவம்பர் 20

ஞானம்,

ஒரு வருஷமாக என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இங்கே வராமல் இருக்கிறாய். நீ இரண்டு தடவை காட்பாடி ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பிப் போனதாக பைபிள் ஸ்திரீ சொன்னார்.

சலோமி வளர்கிறாள். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, விட்டுப்போன உயரம் முழுவதும் திரும்பாது என்கிறார். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்திருக்கிறோம். நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு இருப்பதில்லை. டீச்சர் குரலை உயர்த்தினால் அன்று முழுக்க ஒன்றும் ஏறாது, கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டாள். உடம்பு வளராத நாளில் மூளையும் காத்துக்கொண்டுதான் கிடந்திருக்கும், எவ்வளவு எழுந்து வரும் என்று பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் பேசுகிறாள். போன வாரம் ஊசிக்கு அழுதாள். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தி அழுதாள். எல்லம்மாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம், எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

உன் கடிதங்களை நான் வெளியே புங்கமரத்தடியில் நின்றுதான் பிரிக்கிறேன். காகிதத்தில் பட்டை வாசனை வருகிறது. போன தடவை மேஜைமேல் மறந்து வைத்துவிட்டேன், பிள்ளை அன்று சாப்பிடவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நீ என்ன செய்வாய்.

பழைய கவுன் ஒருவழியாகப் பத்தவில்லை. தோளில் கிழிந்தேவிட்டது! கிறிஸ்துமஸ் வருகிறது. புது நூல் வைத்திருக்கிறேன், முடிச்சைப் பார்.

அக்கா

---

ஆம்பூர்,
1932 டிசம்பர் 12

அக்கா,

இதையும் மரத்தடியிலேயே படி.

பழைய நூலையும் புது நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கையால் நாலு விரற்கடை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். சாமுவேலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் நூலை ஒரு தரம் நீவிப் பார்த்துவிட்டுக் குழிப்பக்கம் போய்விட்டான். காட்டியிருக்கக் கூடாது.

பைபிள் ஸ்திரீ கொண்டுவரும் பொட்டலத்தில் கவுன் இருக்கிறது. நீல நிறம். அவளுக்கு நீலம் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அப்பா கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். என்றைக்காவது அவளாகக் கேட்டால் சொல்.

துணியைக் கடைக்காரர் நேராக ஜஹீதா அம்மா வீட்டுக்கே அனுப்பினார். நான் கடைக்கு எதிரே சாலையில் தள்ளி நின்று, கை காட்டி நிறத்தை மட்டும் சொன்னேன். ஜஹீதா அம்மா நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, "யா அல்லா, வளந்துட்டாளா!" என்று அழுதார். தைத்தது அவர், மடித்தது அவர், பொட்டலம் கட்டிப் பைபிள் ஸ்திரீ கையில் கொடுத்ததும் அவர்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையில் அந்த வாசனை போவதில்லை, உனக்குத் தெரியும்.

தைரியமாகப் போட்டுவிடு அக்கா. நான் அதைத் தொடவே இல்லை.

ஞானம்